சின்னவரின் நாற்காலி

அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடத்திய சலூன் அது. முடி வெட்ட அண்ணன், முகச் சவரத்துக்குத் தம்பி. சின்னவர் கத்தி வைத்தால் கன்னத்துக்கே தெரியாது என்பார்கள். அப்பேர்ப்பட்ட கைதேர்ந்தவருக்குத்தான் ஆளில்லாமலே காதில் குரல் கேட்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் தங்கி, மாத்திரையோடு திரும்பி வந்தபோது அவருடைய கத்திகள் அண்ணனின் இழுப்பறையில் பூட்டிக் கிடந்தன. கைக்குத் துடைப்பம் வந்தது.

விழுந்த முடியைக் கூட்டுவார், துண்டு துவைப்பார். சிரித்தால், "மாத்திரை போட்டியாடா?" கோபப்பட்டால், "மாத்திரை போட்டியாடா?" மனுஷன் தும்மினாலும் அதே கேள்விதான். வாடிக்கையாளர்கள் அவருடைய நாற்காலியில் பையை வைத்தார்களே தவிர, ஒருவரும் உட்காரவில்லை.

ஒரு மத்தியானம் கடை காலியாக இருந்தபோது அண்ணனுக்கே பொறுக்கவில்லை. "ஏன்டா இப்படி உம்முன்னு இருக்க? அந்தக் குரல் ரொம்பப் படுத்துதா?"

"அது பாட்டுக்குப் பேசும், நான் பாட்டுக்குக் கூட்டுவேன். அது பழகிடுச்சுண்ணே. நீ கத்தியைப் பூட்டி வைக்கிறியே, அதுதான் பழக மாட்டேங்குது."

அண்ணனுக்குச் சுருக்கென்றது. உடனே சாவியை எடுத்து நீட்டினார். சின்னவர் வாங்கவில்லை. இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினார். விரல்கள் நடுங்கின.

"மாத்திரையால வர்றது. இந்தக் கையோட யார் கன்னத்தையும் தொட மாட்டேன். டாக்டர்கிட்ட சொல்லணும், கூட வா."

குரலுக்குப் பயந்து கண்கொத்திப் பாம்பாகக் காவல் காத்தவர்களில் ஒருவர்கூட அந்தக் கையைப் பார்க்கவில்லை. நல்ல காவல்!

டாக்டர் மருந்தை மாற்றினார். நடுக்கம் மெல்ல மெல்ல அடங்கியது. குரல் முழுசாகப் போகவில்லை. சின்னவர் தினமும் பலூனை ஊதி, நுரை தடவி, அண்ணன் எடுத்துக் கொடுத்த ஒரு பழைய கத்தியால் வழித்துப் பார்த்தார். பலூன் வெடித்த நாள்களில் துடைப்பத்தை எடுத்துக்கொண்டார். வெடிப்பது அறவே நின்ற பிறகு தாமே சாவியைக் கேட்டார்.

அன்று காலை கடை நிறைய ஆள். அண்ணன் போய்த் தம்பியின் நாற்காலியில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினார். "தாடியை எடுடா." காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கன்னம் முடிந்து கழுத்துக்கு வந்தபோது சின்னவர் கத்தியை விலக்கிக்கொண்டு சற்று நின்றார்.

அண்ணன் கண்ணைத் திறக்காமலே கேட்டார். "என்னடா, குரலா?"

"ஆமா. எனக்குத் தொழில் தெரியாதாம்."

"நீ என்ன சொன்ன?"

"கழுத்து வரைக்கும் வந்தப்புறம்தானா அதைச் சொல்றதுன்னு கேட்டேன்."

அண்ணனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "ஆடாதண்ணே," என்று அதட்டிவிட்டு மிச்சத்தையும் வழித்து முடித்தார் சின்னவர். ஒரு கீறல் இல்லை. அண்ணன் கண்ணாடியைக்கூடப் பார்க்கவில்லை. எழுந்து கடையைப் பார்த்துத் திரும்பிக் கழுத்தைத் தடவித் தடவிக் காட்டினார். பெருமை என்றால் அப்படியொரு பெருமை.

வரிசையில் முதலில் இருந்தவர் எழுந்தார். அந்த நாற்காலியில் பை வைத்தவர்களில் அவரும் ஒருவர். பையைத் தரையில் வைத்துவிட்டு அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து தலையைச் சாய்த்தார்.

"சின்னவரே, எனக்கும்."