பீங்கான் முட்டை எந்த வகை?

துறைமுகத்தை ஒட்டிய அந்த ஏஜென்ட் அலுவலகத்தில் அவளை எல்லோரும் ‘எதுக்கு அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் சரக்கு சுங்க அட்டவணையில் எந்த எண்ணின் கீழ் வரும் என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. எண் மாறினால் வரி மாறும். சரக்கு கிடங்கிலேயே முடங்கும். அதனால் எதைக் கையில் கொடுத்தாலும் முதலில், “இது எதுக்கு?” என்பாள். கல்யாணத்துக்கு முன் இரும்புக் கடையில் பில் போட்டபோது ஆணி வாங்க வந்தவர்களைக்கூட இப்படிக் குடைந்தவள்தான். அங்கே அதற்குத் திட்டு விழுந்தது. இங்கே சம்பளம் கிடைத்தது.

ஒருநாள் பெட்டி பெட்டியாகப் பீங்கான் முட்டைகள் வந்து இறங்கின. பில்லில் ‘முட்டை, பீங்கான், வெள்ளை’ என்பதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. இறக்குமதி செய்த வியாபாரிக்குப் போன் போட்டாள்.

“மூடுன கடைச் சரக்கும்மா. மொத்தமா மலிவா வந்துச்சு, எடுத்துட்டேன். எதுக்குன்னு எனக்கே தெரியாது,” என்றார் அவர்.

மேனேஜருக்கு அவசரம். “ஷோகேஸ்ல வைக்கிற சாமானா இருக்கும். அலங்காரப் பொருள்னு போட்டுத் தள்ளும்மா.”

“அலங்காரம்னா ஒரு பூவாவது வரைஞ்சிருப்பாங்களே சார்? மேஜையில நிக்கக்கூட மாட்டேங்குது.” சொல்லி வாய் மூடவில்லை, முட்டை உருண்டு அவர் மடியில் விழுந்தது.

வியாபாரியிடம் சொல்லிவிட்டு, மாதிரிக்கு எடுத்த ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

“காகிதம் பறக்காம மேல வைக்கிறதா இருக்கும்,” என்றார் கணவர்.

“உருண்டு ஓடுறத யாருங்க காகிதத்து மேல வைப்பாங்க?”

வீட்டுப் பின்பக்கம் கோழி வளர்க்கும் நாத்தனார் அதை வாங்கிக் காதருகே ஆட்டிப் பார்த்தாள். “நிஜ முட்டை மாதிரியே இருக்கே அண்ணி! நம்ம செவலைக்குக் காட்டிப் பாக்கலாமா?”

செவலைக் கோழி ஒரு பிடிவாதக்காரி. வைக்கோல் பரப்பிய பெட்டியை ஏறெடுத்தும் பார்க்காமல் மாடிப்படிக்குக் கீழே, உடைந்த ஓடுகளுக்கு நடுவில்தான் முட்டையிடும். விளையாட்டாகத்தான் பீங்கான் முட்டையைப் பெட்டியில் வைத்தார்கள். கோழி வந்தது. கழுத்தைச் சாய்த்துப் பார்த்தது. ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஏறி உட்கார்ந்துகொண்டது. மறுநாள் காலையில் அங்கே சூடாக நிஜ முட்டை ஒன்றும் கிடந்தது.

அவளுக்குப் பொறி தட்டிவிட்டது. அலுவலகம் போனதும் முட்டையைத் தயாரித்த நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டாள். கோழிக்கு முட்டையிடும் இடத்தைப் பழக்கத்தான் அவற்றைச் செய்வதாகப் பதில் வந்தது. அலங்காரத்தில் சேராத மற்றப் பீங்கான் பொருட்களின் எண்ணைப் போட்டாள்.

பதிலைப் படித்த சுங்க அதிகாரி நிமிர்ந்தார். “உங்களுக்கு எப்படிங்க இது தோணுச்சு?”

“வீட்ல ஒரு கோழிய விசாரிச்சேன் சார்.”

அவர் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “நிஜமாவே அதுக்கு வித்தியாசம் தெரியாதா?” என்றார்.

“அதத்தான் நானும் யோசிச்சுட்டிருக்கேன் சார்.”

சரக்கு வெளியே வந்தது. வியாபாரி அதைக் கோழித் தீவனக் கடைகளுக்கு விற்றார். ஒருநாள் சாயங்காலம் அவள் பெட்டியருகே குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். செவலை பீங்கானை ஒரு கொத்து, தன் முட்டையை ஒரு கொத்து கொத்திவிட்டு, இரண்டையும் வயிற்றுக்கடியில் தள்ளிக்கொண்டது. அதன் மூஞ்சியைப் பார்த்து அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.