சம்பந்திக்குச் சொல்ல மூன்று வசனம்

இரண்டு பேருக்கு என்று பதிந்த பயணத்துக்குப் பதினொரு பேர் புறப்பட்டோம். முழுக் காரணமும் என் கணவரின் வாய். ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து மண்டபத்தில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றவர், "வாற மாசம் நாங்கள் இத்தாலி போறம்" என்று ஒரு வசனம் விட்டார். அவ்வளவுதான். ட்ராம் பிடித்து, லண்டனில் மிச்சம் என்ற ஊரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து சேருவதற்குள் செபக்குழுவை நடத்தும் அக்காவிடமிருந்து போன் வந்துவிட்டது. "தங்கச்சி, எத்தினை மணிக்கு பிளைட்? நாங்களும் வாறம்."

நான் பதிந்தது யாத்திரை இல்லை. நடு இத்தாலியில் மலைப்பக்கத்துக் கிராமம் ஒன்றில், ஒரு பண்ணை வீட்டில் ஒரு கிழமை தங்குவது. காலையில் வழிகாட்டியோடு மலையில் நடை. பின்னேரம் இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை இத்தாலிய மொழி வகுப்பு. இதை அக்காவுக்கு எத்தனை தரம் விளங்கப்படுத்தியிருப்பேன்! "ஓம் ஓம், நடந்து போறதெண்டால் இன்னும் புண்ணியம்" என்றார். இத்தாலி என்ற சொல்லைக் கேட்டபிறகு எங்கள் ஆட்களுக்கு வேறு எதுவும் காதில் ஏறுவதில்லை.

அந்த வகுப்பு எனக்கு ஏன் தேவைப்பட்டது என்று நான் அவர்களுக்குச் சொல்லவில்லை. என் மகன் கட்டியது இத்தாலியப் பெண்ணை. இரண்டு வருடங்களுக்கு முன் அவளுக்கு ஐந்தாம் மாதத்தில் பிள்ளை கலைந்துபோனது. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே எங்கள் வீட்டுக்குத்தான் கூட்டிவந்தோம். அந்தக் கிழமை ஒருநாள் என் தங்கச்சியோடு போனில் கதைத்துக்கொண்டிருந்தபோது, "ஐஞ்சாம் மாசத்திலையும் சைக்கிள் ஓடித் திரிஞ்சால் பிள்ளை தங்குமே?" என்று கேட்டுவிட்டேன். திரும்பிப் பார்க்கிறேன், மருமகள் மாடிப்படியில் நிற்கிறாள். என் மகனிடம் அவள் அந்த அளவுக்குத் தமிழ் படித்திருப்பாள் என்று எனக்கு யார் சொன்னது?

அன்றே அவளின் கையைப் பிடித்து அழுது மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை மாமி" என்றாள். அதற்குப் பிறகு ஒருநாளும் அதைப்பற்றி வாய் திறக்கவில்லை. ஆனால் அவளின் தாய், என் சம்பந்தி, அதுவரை வீடியோவில் கை காட்டிச் சிரிக்கிற மனுசி, அந்த மாதத்திலிருந்து என் முகத்துக்கு முன்னால் வரவேயில்லை. மகள் தாயிடம் சொல்லாமல் இருப்பாளா? எங்கள் ஆட்கள் என்றால் அன்று பின்னேரமே செய்தி போய்ச் சேர்ந்திருக்கும்.

இப்போது மருமகளுக்கு மறுபடியும் மாதம் ஏறிக்கொண்டிருந்தது. பிரசவத்துக்கு மகனும் மருமகளும் எங்கள் வீட்டுக்கு வருவதாகவும், சம்பந்தியும் வந்து அங்கேயே ஆறு கிழமை தங்குவதாகவும் ஏற்பாடு. அவருக்கு ஆங்கிலம் ஒரு சொல் தெரியாது. அந்தக் குற்றத்தை வைத்துக்கொண்டு நான் எப்படி அவருக்குச் சோறு போடுவது? மகனிடம், நீ மொழிபெயர்த்துச் சொல்லு என்று கேட்டேன். "அதை ஏன் அம்மா திரும்பக் கிளறுறியள்? விடுங்கோ" என்று எழும்பிப் போய்விட்டான். போனில் மொழிபெயர்ப்பு வசதி இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். மன்னிப்பைக்கூட ஒரு மெஷின் கேட்டுத் தரவேண்டுமா? என் வாயால் சொன்னதற்கு என் வாயால்தான் கேட்கவேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன்.

இனி அந்த மலையைப் பற்றிச் சொல்கிறேன். வளைவுக்கு வளைவு ஒரு மாதா. கல்லால் கட்டிய சின்னக் கூடு, உள்ளே சொரூபம், முன்னால் வாடிய பூ. முதல் கூட்டைக் கண்டதுமே அக்கா முழந்தாளில் விழுந்தார். செபமாலையில் பத்து மணி உருட்டிச் செபம், ஒரு பாட்டு, பிறகு எல்லாரும் நின்று படம். அடுத்த வளைவில் இன்னொரு மாதா. அங்கேயும் பத்து மணி, பாட்டு, படம். வழிகாட்டிப் பெண் முதல்நாள் தொப்பியைக் கழற்றி மரியாதையாக நின்றாள். இரண்டாம் நாள் மணிக்கூட்டைப் பார்த்தாள். மூன்றாம் நாள் ஒரு கல்லில் குந்தியிருந்து அப்பிள் கடித்தாள்.

ஒரு மணிக்குத் திரும்பவேண்டிய நடை மூன்று மணிக்கு முடியும். பிறகு லண்டனிலிருந்து காவிவந்த ரைஸ் குக்கரில் சோறு வேகவேண்டும். வாத்தியாரம்மா வெள்ளைப் பலகைக்கு முன்னால் பேனையோடு காத்திருந்துவிட்டு நாலு மணிக்கு வீட்டுக்குப் போவார். மூன்று நாளில் நான் படித்தது காலை வணக்கமும் நன்றியும்தான். செபத்தை நிறுத்துங்கள் என்று எந்த வாயால் சொல்வது? என் கணவரோ பாட்டுக்கு முதல் ஆளாகக் குரல் எடுத்துக்கொடுத்தார்.

நாலாம் நாள், மூன்றாவது கூட்டடியில் எனக்குப் பொறுமை போய்விட்டது. "அக்கா, மாதாவுக்கு எல்லாப் பாஷையும் விளங்கும். எனக்குத்தான் ஒண்டும் விளங்காது. நான் வகுப்புக்குப் போறன்" என்றேன். செபமாலை பாதியில் நின்றது.

"சனத்துக்கு முன்னாலை என்ன கதை இது?" என்று கணவர் பல்லைக் கடித்தார்.

"நீங்கள் சனத்துக்கு முன்னாலை கதைச்சதாலைதான் எனக்கு இவ்வளவும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தேன். வழி தெரிய மரங்களில் பூசியிருந்த சிவப்பு வெள்ளைக் கோடுகளைப் பார்த்துப் பார்த்துத் தனியாக இறங்கினேன். இரண்டு தரம் சறுக்கி விழுந்தேன். வழியில் வந்த மாதா ஒருவரையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

வாத்தியாரம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். அரைகுறை ஆங்கிலத்தில் விசயத்தைச் சொன்னேன். அவர் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு மூன்று வசனம் எழுதித் தந்தார். உங்கள் மகள் பிள்ளையை இழந்தபோது நான் ஒரு கொடிய வார்த்தை சொன்னேன். பிழை அவளில் இல்லை. என்னை மன்னியுங்கள். மிச்ச நாட்களில் நான் மலைக்கே போகவில்லை. ஒலிவ் மரங்களுக்கு நடுவே அவரும் நானும் நடந்து நடந்து அந்த மூன்றையும் உருப்போட்டோம். உச்சரிப்பைத் திருத்தித் திருத்தி மனுசிக்கும் தொண்டை கட்டிவிட்டது.

நாங்கள் லண்டன் திரும்பி, பிரசவம் நெருங்கிய நேரம் சம்பந்தி வந்தார். சூட்கேஸ் நிறையக் குழந்தைச் சட்டைகளும் பெரிய சீஸ் கட்டி ஒன்றும். என்னைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் கொஞ்சினார். பெருந்தன்மைக்காரி, மனதுக்குள் வைத்துக்கொண்டு சிரிக்கிறார் என்று நினைத்து எனக்கு இன்னும் கூசியது. மூன்றாம் நாள் காலை மகன் வேலைக்குப் போய்விட்டான், கணவர் கடைக்கு. குசினியில் நாங்கள் இரண்டு பேரும்தான். அவர் கோப்பி போட்டுக்கொண்டு நின்றார். நான் கையைத் துடைத்துவிட்டு, நேரே நின்று, மூன்று வசனத்தையும் ஒரு பிழை இல்லாமல் சொன்னேன்.

அவர் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல மெல்ல இல்லாமல் போனது. என்னவோ கேட்டார். எனக்கு விளங்கவில்லை. மறுபடியும் கேட்டார், இந்த முறை சத்தமாக. பிறகு மாடிப்படியடிக்குப் போய் மகளைக் கூப்பிட்டார்.

மருமகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தாள். தாய் சொன்னதைக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். "மாமி, ஏன் சொன்னீங்கள்? அம்மாக்கு இது தெரியாது. நான் சொல்லேல்லை."

"அப்ப அவ ஏன் என்னோடை கதைக்காமல் விட்டவ?"

"அந்த நேரம் அம்மா ஒருத்தரோடையும் கதைக்கேல்லை மாமி. அழுதுகொண்டே இருந்தவ."

இரண்டு வருடமாக இந்தப் பிள்ளை என் பெயரைத் தன் தாயிடம் காப்பாற்றி வைத்திருந்திருக்கிறாள். நான் கடல் கடந்து போய், சண்டை பிடித்து, உருப்போட்டு வந்து, அதை நானே உடைத்துவிட்டேன். 

சம்பந்தி மகளின் தோளைப் பிடித்து மறுபடியும் கேட்டார். மருமகள் தலையைக் குனிந்துகொண்டு, "என்ன வார்த்தை எண்டு கேக்கிறா" என்றாள்.

இனி மறைத்து என்ன பயன்? "நான் சொன்னதை அப்பிடியே சொல்லு பிள்ளை" என்றேன்.

அவள் கதிரையை இழுத்து இருந்தாள். எனக்கு வராத அந்த மொழியில், ஒவ்வொரு சொல்லாக எடுத்து, தன்னைப் பற்றி நான் சொன்னதைத் தன் வாயாலேயே தன் தாய்க்குச் சொன்னாள்.