மஞ்சள் பெட்டியில் ஒரு முடிச்சு

இந்த ஊரில் நான் குடத்தை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டினால், வாய்க்காலைப் போய்ச் சேருவதற்குள் புன்செய்க் காட்டில் வேலை செய்யும் நாலு பேர் எட்ட இருந்தே கேட்டுவிடுவார்கள். "ஏனுங்க அம்மிணி, இன்னைக்கு நேரமே கெளம்பிட்டீங்க?" பதில் சொல்லாவிட்டால் வருத்தம். சொன்னால் அது பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்திருக்கும். சிலோனில் இருக்கும் உங்களுக்கு இது விளங்காது. நம் மலையில் பாதை ஒரு திருப்பம் திரும்பினால் ஆள் மறைந்துவிடுவாள். மீதியைப் பனி மறைத்துவிடும். ஜேடர்பாளையத்துப் பக்கம் காவிரிக்கரை வரைக்கும் பூமி தட்டையாகக் கிடக்கிறது. யார் எங்கே போனாலும் எல்லோர் கண்ணிலும் படும். தேயிலைக்குள் சிறுத்தை நடமாடும் இடத்தில் பயமில்லாமல் பள்ளிக்கூடம் போய்வந்த நான், இந்த வெட்டவெளிக்குப் பயப்படுகிறேன்.

என் அப்பா இந்தப் பக்கத்திலிருந்து சிலோனுக்குப் போய் மளிகைக் கடை வைத்தவர். நான் பிறந்தது அங்கே. அத்தை மகனுக்குக் கழுத்தை நீட்டி இங்கே வந்தேன். வந்ததிலிருந்து என் பெயர் சிலோன்காரி. கல்யாணத்துக்கு முன்னால் அங்கே ஒரு தடவை ஓட்டுப் போட்டிருக்கிறேன். அப்பா, அம்மா, நான், கடைக்கு விறகு பிளக்கும் முத்து, அவன் பெண்டாட்டி எல்லோரும் ஒரே வரிசையில் நின்றோம். அப்பா சொன்ன பெட்டியில் அம்மா போடவில்லை. அதை எனக்கு மட்டும் சொல்லிவிட்டு அடுப்படியில் சிரித்தாள். அப்பாவுக்கு இன்றுவரை தெரியாது. ஓட்டு என்றால் அப்படித்தான் இருக்கும், சிரித்துவிட்டு மறந்துவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

இங்கே ஓட்டு எல்லோருக்கும் கிடையாது. வரி கட்டுகிறவனுக்கு உண்டு. எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு உண்டு; அந்தக் கணக்கில் எனக்கு. பொழுதெல்லாம் வெயிலில் நின்று வரப்பு வெட்டுகிறவனுக்கு இல்லை. வரப்பு அவன் வெட்டியது, வரி இன்னொருவர் கட்டியது, ஆகவே நாட்டைப் பற்றி யோசிக்க அவனுக்கு யோக்கியதை இல்லையாம். இது என்ன நியாயம் என்று என் வீட்டுக்காரரைக் கேட்டேன். "சிலோன் நியாயத்த இங்க பேசாத" என்றார். எங்கள் ஊரில் ஓட்டு இருந்த இன்னொரு பெண் பொன்னாயி அக்கா. அவள் புருஷன் போன மகாயுத்தத்தில் பட்டாளத்தோடு கடல் தாண்டிப் போய்த் திரும்பாதவர். அவளுக்குச் சர்க்கார் பென்ஷன் வருகிறது, அதனால் ஓட்டும் வந்தது.

அவள் உழுவது பண்ணாடியின் நிலம். பண்ணாடி என்பது எங்கள் ஊர்ப் பெரிய பண்ணைக்காரர். குத்தகைக்குக் காகிதம் எதுவும் இல்லை. வாயால் கொடுத்தார், வாயால் எடுத்துக்கொள்ளலாம். கள்ளுக்கடை ஏலத்தை எடுத்து நடத்துவதும் அவரேதான். பொன்னாயி அக்கா நிலத்தில் சம்பாதிப்பதை அவள் மகன் கடையில் கொண்டுபோய்க் கொட்டுகிறான். ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்குவதை இவ்வளவு கச்சிதமாகச் செய்கிறவரை நான் பார்த்ததில்லை. தேர்தலில் ஒவ்வொரு கட்சிக்கும் ஒரு நிறத்தில் பெட்டி; அவர் ஆதரித்தது பச்சைப் பெட்டிக்காரரை. மஞ்சள் பெட்டிக்காரர்கள் கடையை மூடுவோம் என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள். மூடுவார்களோ மாட்டார்களோ, சொல்லவாவது ஆள் வந்ததே என்று எனக்குச் சந்தோஷம்.

ஓட்டுக்கு முந்தின நாள் பொன்னாயி அக்கா வந்து, மெதுவாகக் கேட்டாள். "நான் எதுல போட்டன்னு பண்ணாடிக்குத் தெரியுமுங்களா சாமி?"

"தெரியாது அக்கா. திரைக்குப் பின்னால்தான் பெட்டி இருக்கும். நீங்கள் போட்டது அந்தப் பெட்டிக்கு மட்டுந்தான் தெரியும்" என்றேன்.

"நம்ம மனசுல இருக்கறது அதுக்கு மட்டுந்தான் தெரியும்னா, அது சாமிதானுங்க" என்றாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை என்பதை அப்போது கவனித்திருக்க வேண்டும்.

இந்தப் பக்கத்தில் அம்மனிடம் ஒரு காரியம் வேண்டிக்கொண்டால், மஞ்சளில் நனைத்த துணியில் காசை முடிந்து வைப்பார்கள். மறுநாள் பொன்னாயி அக்கா திரைக்குப் பின்னால் போனாள். அங்கே ஒரு பெட்டி அம்மனுடைய நிறத்திலேயே இருந்தது. இடுப்பில் செருகி வந்த மஞ்சள் துணியில் ஓட்டுச் சீட்டையும் ஒரு காலணாவையும் வைத்து முடிந்து, அந்தப் பெட்டியின் வாயில் திணித்துவிட்டுக் கும்பிட்டுவிட்டு வந்திருக்கிறாள். வரும் வழியில் அவளே இதை என்னிடம் நிறைவாகச் சொன்னாள். பெட்டியைத் திறக்கிறபோது எல்லோரும் பார்ப்பார்களே என்று நான் பயந்தேன்.

நான் பயந்தபடியே ஆயிற்று. ஓட்டு எண்ணிய இடத்தில் பண்ணாடியின் ஆள் ஒருவர் இருந்தார். எங்கள் ஊர் ஓட்டுச் சாவடியிலிருந்து வந்த மஞ்சள் பெட்டியைத் திறந்தபோது முடிச்சு விழுந்ததையும், உத்தியோகஸ்தர்கள் சிரித்ததையும் அவர் வந்து சொன்னார். பச்சைப் பெட்டிக்காரர் தோற்றுப்போனார். காணிக்கைக் காசை முடிந்து வைப்பது பெண்களின் வேலை. அக்கம்பக்கத்து ஊர்களையும் சேர்த்து எங்கள் சாவடிக்கு வந்த பெண்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பண்ணாடி கத்தவில்லை. "யாருன்னு மட்டும் தெரிஞ்சா போதும்" என்று சொன்னாராம். அந்த வாரம் ஊரில் ஒரு வேலியிலும் மஞ்சள் துணி காயவில்லை. ஓட்டே இல்லாத வீட்டுப் பெண்கள்கூட ஒளித்து வைத்தார்கள். பொன்னாயி அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. அவள் காட்டில் கடலை அப்போதுதான் பூத்திருந்தது.

பிறகு ஒரு காலையில் பண்ணாடி எங்கள் வாசலுக்கே வந்தார். கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து மோர் கேட்டார். என் வீட்டுக்காரர் எழுந்து நின்றார். பொன்னாயி அக்கா எங்கள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அம்மிணி, நீங்க படிச்சவங்க. அந்த முடிச்சு யாரு போட்டதுன்னு உங்களுக்குத் தெரியாம இருக்காது" என்றார்.

எங்கள் நிலம் எங்களுடையது. அதை அவரால் தொட முடியாது. அந்தத் துணிச்சலில்தான் சொன்னேன். "நான்தான் போட்டேன்." என் வீட்டுக்காரர் முகத்தை நான் பார்க்கவில்லை.

பண்ணாடி சிரித்தார். "சிலோன்ல இதெல்லாம் உண்டுங்களா? எங்க, ஒண்ணு முடிஞ்சு காட்டுங்க, பாப்போம்."

உள்ளே போய் ஒளித்து வைத்திருந்த மஞ்சள் துணியில் ஒரு துண்டு கிழித்தேன். அஞ்சறைப் பெட்டியில் கையை விட்டு அகப்பட்ட காசை எடுத்து, முடிந்துகொண்டு வந்து கொடுத்தேன். அவர் நிதானமாகப் பிரித்தார். உள்ளே பனைமரம் போட்ட சிலோன் சதக் காசு இருந்தது. அங்கிருந்து வரும்போது கையோடு வந்ததை ஞாபகத்துக்காகப் போட்டு வைத்திருந்தேன்.

"பெட்டியில கெடந்தது நம்மூர்க் காலணாங்க அம்மிணி. இந்தக் காச இங்க எந்தச் சாமியும் வாங்காது" என்று சொல்லி, சதத்தை என் உள்ளங்கையில் திருப்பி வைத்தார்.

பொன்னாயி அக்கா வாளியைக் கீழே வைத்தாள். "அந்தப் புள்ளய உட்டுருங்க சாமி. நாந்தானுங்க முடிஞ்சேன். பையன் கடைப்பக்கம் போகாம இருக்கோணும்னு வேண்டிக்கிட்டனுங்க."

அவர் அவளைப் பார்த்தார். கோபம் இருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "கடல எப்பிடி இருக்குது பொன்னாயி?" என்றார்.

"பூத்திருக்குதுங்க."

"நல்லது. புடுங்கி முடிக்கட்டும். அப்பறம் பேசிக்கலாம்." மிச்ச மோரையும் குடித்துவிட்டு, சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் என் வீட்டுக்காரர் சொன்னார், "கொஞ்ச நாளைக்கு உங்கப்பா ஊட்டுக்குப் போயி இருந்துட்டு வா." கோபத்தில் சொல்லவில்லை. அவருக்கும் பயம். போகலாம்தான். ஆனால் அங்கிருந்து வருகிறவர்கள் சொல்வது வேறு மாதிரி இருக்கிறது. கடை வைத்திருக்கும் நம்மவர்களை, நீங்கள் எந்த நாட்டுக்காரர்கள், எப்போது திரும்பிப் போவீர்கள் என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்களாம். ஓட்டர் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள் என்று பேச்சாம். அப்பாவின் பெயர் நாளைக்கு அதில் இருக்குமா என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் பிடிப்பதில்லை.

இப்போது பங்குனி. சித்திரையில் கடலை பிடுங்குவார்கள்; அதற்குப் பிறகு நிலம் யார் கையில் என்பது பண்ணாடியின் வாயில் இருக்கிறது. பொன்னாயி அக்கா தினமும் விடிந்ததும் காட்டுக்குப் போய் ஒரு செடியைப் பிடுங்கிப் பார்க்கிறாள். காயை நசுக்கிப் பார்த்துவிட்டு என் வாசலில் வந்து நின்று, "இன்னும் பிஞ்சாத்தானுங்க இருக்குது" என்கிறாள். விளைச்சல் முற்றாமல் இருக்க வேண்டும் என்று அம்மனை வேண்டும் குடியானவள் இந்த ஜில்லாவிலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். நானும் அவளோடு சேர்ந்து அதையே வேண்டுகிறேன்.

இன்று காலை செடியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள். "உங்கூர்ல இப்பிடியெல்லாம் பண்ணுவாங்களா சாமி?"

"பண்ணமாட்டார்கள் அக்கா" என்றேன். "உன் ஊர் எது" என்று அங்கே என் அப்பாவைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் எனக்காகவும் பயப்பட ஆரம்பித்துவிடுவாள். அதற்கு அவளிடம் தெம்பு இல்லை.