நகப்பூச்சில் மாட்டிய வண்டு

மின்விசிறி நின்றிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அண்ணி நாற்காலியில் உட்காருவாள். வெளியே வெயில் கொளுத்தட்டும், வேர்வை வழிந்து மூக்கு நுனியில் வந்து நிற்கட்டும், அசையமாட்டாள். இடுக்கியை எடுக்கும் முன் ஒரு மூச்சை இழுத்து உள்ளே வைத்துக்கொள்வாள். பிறகு அரிசியில் பாதி இருக்கும் ஏதோ ஒரு பூச்சியின் காலைத் தொட்டும் தொடாமலும் நகர்த்தி வைப்பாள். மூச்சு வெளியே வரும்போது அந்தக் கால் தன் இடத்தில் இருக்கும்.

அருங்காட்சியகத்தின் பின்பக்கத்தில் இருக்கும் பூச்சி அறைக்கு அவள்தான் பொறுப்பு. சுவர் முழுக்க மர இழுப்பறைகள், அறை முழுக்க அந்துருண்டை வாசனை. அந்த விசிறி சுற்றி நான் பார்த்ததே இல்லை. அது சுற்றினால் ஒரு பட்டாம்பூச்சிக் கூட்டமே மறுபடி பறந்துவிடும் என்று அவளுக்குப் பயம். மாலையில் வீடு திரும்பும்போது வாசனையும் கூடவே வரும். "துணி அலமாரியைக் கட்டிக்கிட்டு வந்த மாதிரி இருக்கு" என்று என் அண்ணன் கல்யாணமான நாளிலிருந்து ஒரே ஜோக்கைச் சொல்லிக்கொண்டிருக்கிறான். அவளும் சிரிக்காமல் இருந்து பார்த்துவிட்டாள். அவன் விடுவதாக இல்லை.

அண்ணன் பேருந்து ஓட்டுகிறவன். குரல் பெரிசு, நடை பெரிசு, தும்மல் எல்லாவற்றையும் விடப் பெரிசு. வீட்டில் சாப்பாட்டு மேசையின் ஒரு மூலை அண்ணியின் பூச்சிகளுக்கு ஒதுக்கப்பட்டது. தும்மல் வந்தால் அவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு பால்கனிக்கு ஓடவேண்டும், அது வீட்டுச் சட்டம். ஒருமுறை ஓட நேரமில்லாமல் போய், ஒரு வாரமாக அடுக்கி வைத்திருந்த எறும்புகள் மொத்தமும் மேசையை விட்டுப் போயின. அண்ணிக்கு இன்னும் ஆறவில்லை. "உங்க அண்ணன் தும்மினா பஸ்ஸே குலுங்கும். எறும்பு என்ன பண்ணும் பாவம்?" என்பாள்.

இத்தனைக்கும் அந்த வண்டைக் கொண்டுவந்ததே அவன்தான். பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் ஒரு பெரிய மரக்கட்டை மழையில் ஊறி உளுத்துக் கிடந்தது. அதிலிருந்து ஒன்றைத் தீப்பெட்டியில் போட்டு எடுத்து வந்தான். "மல்லாக்கப் போட்டா டிக்குனு சத்தம் போட்டுக் குதிக்குது. உனக்குப் பிடிக்குமேன்னு எடுத்தாந்தேன்." பெண்டாட்டிக்குப் பூங்கொத்து வாங்கிவரும் ஆண்கள் உண்டு. எங்கள் வீட்டில் இப்படி.

சொடுக்கு வண்டு என்று அண்ணி சொல்வாள். மல்லாந்து விழுந்தால் இந்த இனம் காலை உதறிக்கொண்டு கிடக்காது. மார்பின் அடியில் ஒரு முள், அதற்கு எதிரே ஒரு பள்ளம். முள்ளைப் பள்ளத்தின் விளிம்பில் முட்டுக்கொடுத்துச் சட்டென்று விடுவித்தால், நாம் விரலைச் சொடுக்குவது போல ஒரு சத்தம். வண்டு எகிறிக் குதித்து நிமிர்ந்துகொள்ளும். "விழுந்தா யாரையும் கூப்பிடாது. ஒரு சொடுக்கு, எந்திரிச்சு நடையைக் கட்டிடும். உங்க அண்ணனுக்குச் சளி பிடிச்சா வீடே எந்திரிச்சு நிக்கணும்."

ஊசி குத்த இடமில்லாத சின்னப் பூச்சிகளை ஒரு துண்டு அட்டையில் ஒட்டி வைப்பது அந்தத் தொழிலின் வழக்கம். அதற்கென்று தண்ணீரில் கரையும் பசை இருக்கிறது. அந்த வண்டு வந்த அன்றைக்கு வீட்டில் பசை தீர்ந்திருந்தது. போன தடவை நான் மறந்துவிட்டுப் போன நிறமில்லாத நகப்பூச்சு மட்டும் கண்ணாடி அலமாரியில் இருந்தது. "எங்கேயும் கிடைக்கிற வண்டுதானேன்னு நெனச்சேன். கை கொஞ்சம் தாராளமாப் போயிடுச்சு" என்றாள் அண்ணி. குப்புற ஒட்டிவிட்டாள். வயிறு, மார்பு, முள், பள்ளம் எல்லாம் என் நகப்பூச்சுக்குள் போய்விட்டன.

சில மாதம் கழித்து ஏதோ தேடும்போது அதை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்திருக்கிறாள். காப்பிக்கொட்டை நிறம், தோளில் இரண்டு மஞ்சள் புள்ளி, உணர்கொம்பில் சீப்புப் போலப் பற்கள். ஆண் வண்டு. அவளுக்குத் தெரிந்த எந்த வண்டோடும் அது ஒத்துப்போகவில்லை. உடனே அண்ணனைப் பணிமனைக்குத் துரத்தினாள். இரண்டு கிடைத்தன, இரண்டும் பெண். அவற்றை நல்ல பசையில் முறையாக ஒட்டினாள். மறுபடி போவதற்குள் கட்டையை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த இடத்தில் இப்போது சிமெண்டுத் தரை.

வண்டு என்றால் உயிரை விடும் ஒரு பேராசிரியருக்குப் படங்களை அனுப்பினாள். அவர் தொலைபேசியில் கூப்பிட்டார். "அழகா இருக்கும்மா. ஆனா பொண்ணுங்களை மட்டும் வெச்சு நான் ஒண்ணும் சொல்ல முடியாது. ஆணோட அடிப்பக்கத்தைக் காட்டுங்க." பெண் வண்டுகளின் முள்ளில் ஒரு சின்ன முண்டு தெரிந்தது. தெரிந்த இனம் எதிலும் ஆணுக்கு அது கிடையாது. இந்த ஆணிடம் அந்த முண்டு இருந்தால் புது இனம். இல்லையென்றால் ஒன்றுமில்லை.

"பூச்சியிலயும் ஆம்பளையைப் பார்த்துத்தான் குடும்பத்தை முடிவு பண்ணுவாங்களா அண்ணி? நல்லா இருக்கு நியாயம்!" என்றேன். "இருபது வருஷமா அடுத்தவங்க வெச்ச பேரைத்தான் துண்டுச் சீட்டுல எழுதிட்டிருக்கேன். ஒண்ணே ஒண்ணு எனக்குன்னு வந்துச்சு. அதையும் நானே என் கையால ஒட்டித் தொலைச்சேன்" என்றாள். அந்த நகப்பூச்சை ஏன்தான் அங்கே வைத்துவிட்டு வந்தேனோ!

பிரித்தெடுக்க வழி தெரியாமல் இல்லை. முள் ஒடிந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான். தினமும் இழுப்பறையைத் திறப்பாள், பார்ப்பாள், மூடுவாள். அண்ணன் மட்டும் அசராமல் இருந்தான். "புதுசுன்னு ஆயிட்டா என் பேரைத்தானே வெப்பே?" என்று கேட்டான். "சாப்பிட்ட தட்டைக் கழுவி வெச்சுப் பழகுங்க, அப்புறம் பாக்கலாம்." அன்றிலிருந்து தட்டு பளபளக்கிறது.

போன விடுமுறை நாளன்று பூச்சி அறைக்குக் கூப்பிட்டாள். "உன் நகப்பூச்சுதானே, நீயும் வா." சும்மா போகக்கூடாதென்று நகப்பூச்சு நீக்கும் திரவத்தை வாங்கிக்கொண்டு போனேன். மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். "ரோஜா வாசனை போட்டிருக்கான். வண்டு என்ன கல்யாணத்துக்கா போகுது?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, அறையில் இருந்த, வாசனை கலக்காத திரவத்தை ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றினாள். அண்ணனும் வந்திருந்தான். அவனைக் கதவுக்கு வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தினாள்.

விசிறியை அணைக்கும் பொத்தானை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். அட்டையோடு வண்டைக் கிண்ணத்தில் இறக்கினாள். காத்திருந்தோம். அறை அடுப்படி மாதிரிக் காந்தியது. நகப்பூச்சு ஓரத்தில் வெளுத்து, மெல்ல விட்டுக்கொடுத்தது. மயிரை விட மெல்லிய ஊசியால் அண்ணி கீழிருந்து நெம்பினாள். வண்டு கழன்று மிதந்தது. பின்னங்கால் ஒன்று அட்டையிலேயே தங்கிவிட்டது.

"ஐயோ" என்றேன். "கால்தானே, பக்கத்துலயே ஒட்டி வெச்சுக்கலாம். நீ மூச்சு விடாதே" என்றாள். வண்டைப் புரட்டி நுண்ணோக்கியின் அடியில் வைத்தாள். பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். திடீரென்று எழுந்து என்னை நாற்காலியில் தள்ளினாள்.

"நீ பாரு. நான் ஆசையில பாக்கறேன். எனக்கு என் கண்ணு மேல நம்பிக்கை இல்ல."

முதலில் என் இமை மட்டும்தான் தெரிந்தது. பிறகு வெளிச்சத்தில் பளபளவென்று ஒரு மார்பு, நடுவில் ஒரு முள். எந்தக் காலத்தில் எந்த வண்டுக்காக நான் சாமி கும்பிட்டேன்? அன்றைக்குக் கும்பிட்டேன். முள்ளின் பாதியில் சின்னதாக, உருண்டையாக ஒன்று துருத்திக்கொண்டு நின்றது.

"இருக்கு அண்ணி."

"நல்லாப் பாரு. தூசியா இருக்கப் போகுது."

"தூசி இல்ல. முண்டு. சத்தியமா முண்டு!"

வெளியிலிருந்து மூக்கைப் பிடித்துக்கொண்ட குரல் வந்தது. "இருக்கா இல்லியா? சீக்கிரம் சொல்லித் தொலைங்க, தும்மல் வருது!"

அண்ணி அழுகிறாளோ என்று திரும்பிப் பார்த்தேன். வேர்வையா கண்ணீரா என்று பிரித்துச் சொல்ல முடியாத முகம். மறுபடி உட்கார்ந்தாள். முள்ளைப் படம் பிடித்தாள். நல்ல பசையில் ஒரே ஒரு துளி எடுத்து, புது அட்டையில் வண்டைப் பக்கவாட்டில் ஒட்டினாள். அதன் பக்கத்தில் அந்த ஒற்றைக் காலையும் வைத்தாள். பெட்டிக்குள் வைத்து, கண்ணாடி மூடியைப் போட்டு, கொக்கியை மாட்டி, மாட்டியது சரிதானா என்று இழுத்துப் பார்த்தாள்.

பிறகு எழுந்து போய் கதவை அகலத் திறந்தாள். "உள்ள வந்து தும்முங்க" என்றாள். அண்ணன் நம்பாமல் மூக்கைப் பிடித்தபடியே நின்றான். அவள் சுவரோரம் போய் விசிறியைப் போட்டு, வேகம் கூட்டும் குமிழைக் கடைசி எண் வரைக்கும் திருப்பினாள்.