என்னைத் தூக்காதீங்க

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது எங்கள் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் எல்லாருக்கும் தெரியும். சக்கர நாற்காலியில் உட்கார்ந்த பிறகு அது கூடியதே தவிரக் குறையவில்லை. யாராவது "தூக்கட்டுமா?" என்று கையை நீட்டினால் போதும், கத்திவிடுவேன்.

காரணம் இருந்தது. இங்கிருந்த தங்கச் சுரங்கத்தில், மைனில், பத்து வருஷம் வேலை செய்தவன் நான். தன் காலால் நடந்து கேஜில், அந்த இரும்புக் கூண்டில், ஏறிக் கீழே போனவனை நாலு பேர் தூக்கி மேலே கொண்டுவந்தால், அவன் ஒன்று பிணம், இல்லையென்றால் பாதிப் பிணம். எங்கள் தொழிலாளர் லைன் வீடுகளுக்குள் ஸ்ட்ரெச்சர் வந்தாலே பெண்கள் பதறிக்கொண்டு வெளியே ஓடிவருவார்கள். சுரங்கத்துக்கு அடியில் எனக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. மைனை மூடியபின் பெங்களூருக்கு ரயிலில் வேலைக்குப் போய்வந்தேன். அங்கே ஒரு கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு போயிற்று. அதற்கப்புறம் பதினோரு வருஷம் ஆஸ்பத்திரியைத் தவிர எங்கேயும் போகவில்லை. என் மனைவியும் போகவில்லை. அதை நான் யோசித்ததே கிடையாது.

பக்கத்துத் தெருவில் ஒரு டீச்சரம்மா இருக்கிறார். சின்ன வயதில் போலியோ வந்து இரண்டு காலும் சூம்பிப்போனவர். பின்னால் இரண்டு சக்கரம் கூடுதலாக வைத்த ஸ்கூட்டரில் ராபர்ட்சன்பேட்டை முழுக்கச் சுற்றுவார். எங்களைப் போன்றவர்களைச் சேர்த்து வருஷத்துக்கு ஒரு தடவை வேனில் டூர் கூட்டிப்போவார். மூன்று வருஷமாக என்னைக் கேட்டு, மூன்று தடவையும் திட்டு வாங்கிக்கொண்டு போனார். நாலாவது தடவை மகாபலிபுரம் என்று வந்து நின்றார்.

"இன்னாத்துக்கும்மா ஊர் சுத்தணும்? என் ஊனத்த நாலு ஊருக்குக் காட்டறதுக்கா?" என்றேன்.

"கடல் பாக்கறதுக்குண்ணா. உங்களுக்கு வேணான்னா வுடுங்க. அண்ணி இன்னா தப்பு பண்ணாங்க?"

"அவளுக்கு அந்த ஆசையெல்லாம் கெடையாது."

சமையலறையிலிருந்து மனைவி வந்தாள். "யாரு சொன்னது? நான் பேரு குடுத்துட்டேன். கடல நான் டிவிலதான் பாத்துக்கீறேன். நீங்க வரலன்னா உங்க அண்ணன் வூட்ல வுட்டுட்டு நான் போவேன்."

இருபத்தெட்டு வருஷத்தில் அவள் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. என்னை யாரும் தூக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டுக் கிளம்பினேன். பலகை போட்டு நாற்காலியோடு வேனுக்குள் தள்ளினார்கள். வழியெல்லாம் உம்மென்று உட்கார்ந்திருந்தேன். வேலூரில் எல்லாரும் டிபன் சாப்பிட இறங்கியபோதும் நான் அசையவில்லை.

மகாபலிபுரத்தில் சக்கரம் மணலில் இரண்டடி போனதும் புதைந்துவிட்டது. டீச்சரம்மாவை இரண்டு மீனவர்கள் கைகோத்துத் தூக்கிக்கொண்டார்கள். "மெதுவாப்பா, நான் மூட்ட இல்ல" என்று சிரித்துக்கொண்டே போனார். என்னிடம் வந்தவர்களை விரட்டிவிட்டேன்.

"நீ போய் பாத்துட்டு வா, நான் இங்கியே இருக்கேன்" என்றேன் மனைவியிடம். போகமாட்டாள் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் போயே போய்விட்டாள்.

ஒரு தடவையாவது திரும்பிப் பார்ப்பாள் என்று இருந்தேன். பார்க்கவில்லை. தண்ணீரில் நின்றாள், அலை தள்ளி உட்கார்ந்தாள், எழுந்து மறுபடி உட்கார்ந்தாள். சின்னப் பெண் மாதிரி சிரித்தாள். எனக்கு வயிறு எரிந்தது. அது அடங்கியதும் வெட்கமாக இருந்தது. அவளுக்கு ஆசை கிடையாது என்று இத்தனை வருஷமும் நானாக முடிவு கட்டியிருக்கிறேன், சே!

பக்கத்தில் சோளம் சுட்டுக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டேன். "அண்ணே, ஆளுங்களக் கூப்பிடுங்க. என்னத் தூக்கணும்." நாலு பேர் வந்தார்கள். கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

ஈர மணலில், அவள் பக்கத்தில் இறக்கினார்கள். அலை வந்து மோதியதும் நான் ஒரு பக்கம் சாய்ந்தேன். அவள் என் சட்டையைப் பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்தாள். கண் மட்டும் கடல் மேலேயே இருந்தது.

"அடுத்த வருஷமும் நான் வருவேன். நீங்க வந்தாலும் சரி, வரலன்னாலும் சரி" என்றாள்.

"என் பேரையும் குடுத்துடு" என்றேன்.