எழுந்திருக்காத ஆறாவது வால்வு

போன வாரம் சுங்குவார்சத்திரத்தில் ஒரு டயர் கடையில் நின்றிருந்தேன். புது டயரை மாட்டி நட்டை முடுக்கிக்கொண்டிருந்த கடைக்காரரின் நீளமான ஸ்பேனரிலிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம் வந்தது. போதும், இதற்கு மேல் முடுக்காதே என்று ஸ்பேனரே சொல்லும் சத்தம் அது. நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். கடைக்காரர் குனிந்து தன் பேண்ட்டைச் சரிபார்த்துக்கொண்டார். என் மனைவி, இந்த ஆள் யாரோ என்பதுபோல் ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்கு இது பழகிவிட்டது.

அந்த 'டிக்'கை நம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருவுக்கு வர இருந்தவன் நான்.

அப்போது இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கார் தொழிற்சாலையில் வேலை. ஊரில் 'கார் செய்யுதேன்' என்று சொல்லிவைத்திருந்தேன். உண்மையில் நான் செய்தது பின்பக்க இடது கதவு. அதையும் முழுதாகச் சொல்ல முடியாது. அதன் கீலில் நான்கு போல்ட். கதவு வரும், நான்கு 'டிக்', பச்சை விளக்கு, அடுத்த கதவு வரும். முன்பக்கக் கதவை எப்படி மாட்டுகிறார்கள் என்பது இன்றுவரை எனக்கு மர்மம்தான். அறைத்தோழன் இசக்கிக்கு வைப்பர். இன்னொருவன் செல்லத்துரை, பின்கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்டுவான். மூன்று பேரும் சேர்ந்தால் மழை துடைக்கக்கூடிய, ஸ்டிக்கர் ஒட்டிய ஒரு கதவு கிடைக்கும். அதில் ஏறி எங்கும் போக முடியாது.

மூவரும் தெற்கத்திக்காரர்கள், மூவரும் கல்யாணம் ஆகாதவர்கள். அதாவது, வீடு கிடைக்காதவர்கள். 'பேச்சிலரா?' என்ற கேள்வி முடிவதற்குள் கேட் மூடிவிடும். அப்படிப் பல கேட்டுகளைப் பார்த்துவிட்டுக் கடைசியாக இருதயராஜ் சார் வீட்டு வாசலுக்குப் போனோம். தபால் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். மாடியில் ஒரு அறை, தண்ணீர் வற்றாத போர், காற்று வரும் ஜன்னல். "எந்த டிபார்ட்மெண்ட்டுபா?" என்று கேட்டார். அவருக்குப் பின்னால், தகரக் கொட்டகையில், பால்கோவா நிறத்தில் உருண்டு திரண்ட ஒரு பழங்காலத்துக் கார் நின்றிருந்தது. அவர் அதைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். என் வாய் என்னைக் கேட்காமலே சொன்னது: "எஞ்சின் சார்."

சாவி அன்றைக்கே கைக்கு வந்தது. படியேறும்போது இசக்கி காதருகே சொன்னான்: "ஏல, அந்த வண்டி என்னைக்காவது மக்கர் பண்ணும்ல. அன்னைக்கு இருக்கு நமக்கு."

மக்கர் செய்தது. அதுவும் எப்போது? சாரின் மனைவி வடக்குப்பட்டில் நர்ஸ். ஊருக்கே நர்ஸம்மா. அந்த மாதக் கடைசித் திங்கட்கிழமையோடு அவருக்குப் பணி ஓய்வு. மாலை போட்டு வீட்டுக்கு அழைத்துவரும் ஊர்வலத்துக்கு, கல்யாணத்தன்று அவரை ஏற்றிவந்த அதே கார்தான் வரவேண்டும் என்பது சாரின் பிடிவாதம். மாதக்கணக்கில் எடுக்காத வண்டியை ஞாயிறு காலை கிளப்பினார். இருமியது, உதறியது, ஒரு பெருமூச்சு விட்டுப் படுத்துக்கொண்டது. கூப்பிட்டு வந்த மெக்கானிக் காரைச் சுற்றி வந்து, "கம்ப்யூட்டர எங்க சார் சொருவறது?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டான்.

சார் மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "தம்பி! நிமிசத்துக்கு ஒரு காரு செய்றீங்கோ. இத்த ஒண்ணு பாக்க மாட்டீங்களா? எஞ்சினு ஆளுன்னுதானே உன்னிய நம்பி வூட்டக் குடுத்தேன்?"

ஓடவில்லையென்றால் பொய் தெரியும். தெரிந்தால் அறை போகும். மறுபடி கேட் கேட்டாக அலைய வேண்டும்.

பானட்டைத் தூக்கினேன். முகத்தில் எஞ்சின்காரனின் களையை வரவழைத்துக்கொண்டு "ம்ம்" என்றேன். இன்னொரு முறை, கொஞ்சம் ஆழமாக, "ம்ம்ம்" என்றேன். அதற்கு மேல் எனக்குச் சரக்கு இல்லை. சார் மறுபடி கிளப்ப, வண்டி விட்டுவிட்டு நடுங்கியது. அப்போதுதான் நர்ஸம்மா உள்ளேயிருந்து ஸ்டெதாஸ்கோப்போடு வந்தார். "தள்ளு. கம்முனு இரு," என்று என்னை ஒதுக்கிவிட்டு, எஞ்சின் மூடியின் மேல் ஒவ்வோர் இடமாக வைத்துக் கேட்டார். "இங்க நல்லாக்கீது... இங்கயும் நல்லாக்கீது... இந்த மூணாவது எடத்துலதான் டக்குடக்குன்னு தனியா அடிச்சிக்குது."

"நானும் அதத்தான் நெனச்சேன்," என்றேன். செல்லத்துரை இருமினான்.

மூடியைக் கழற்றினோம். உள்ளே சிலிண்டருக்கு இரண்டு வீதம் எட்டு வால்வுகள், எட்டு ஸ்பிரிங்குகள். இசக்கி முன்னால் ஹேண்டிலைப் போட்டுச் சுற்றச் சுற்ற, ஏழு வால்வுகள் சமத்தாக இறங்கி ஏறின. ஆறாவது மட்டும் கீழே போனது போனதுதான். "நம்ம லைன்லயும் இப்படி ஒருத்தன் உண்டுல. டீக்குப் போனா வரமாட்டான்," என்றான் இசக்கி. உள்ளே பிசினும் துருவும் பிடித்து மாட்டிக்கொண்டிருந்தது. நர்ஸம்மா சமையலறையிலிருந்து மண்ணெண்ணெய் கொண்டுவந்து, எஞ்சின் ஆயிலில் கலந்து, ஊசியில்லாத சிரிஞ்சில் உறிஞ்சி, வால்வின் தண்டைச் சுற்றிச் சொட்டுச் சொட்டாக விட்டார். "ரெண்டு மணி நேரம் ரெஸ்ட்டு குடு," என்றார், காய்ச்சல்காரனுக்குச் சொல்வதுபோல.

அந்த இரண்டு மணி நேரத்தில் நாங்கள் செல்போனில் தேடித் தேடி ஒரு வீடியோவைப் பிடித்தோம். வெள்ளைத் தாடிக்காரர் ஒருவர், எந்த நாடோ, எந்த பாஷையோ. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக சிலிண்டருக்குள் கயிற்றைத் திணித்தார். பிறகு எஞ்சினைக் கையால் மெல்லச் சுற்றினார். பிஸ்டன் மேலே வந்து கயிற்றை அமுக்க, கயிறு வால்வை மேலே தள்ளியது. அவ்வளவுதான். கயிற்றுக்கு எங்கே போவது? செல்லத்துரை மாடிக்கு ஓடி, கொடியிலிருந்த எங்கள் யூனிஃபார்ம்களைக் கட்டிலில் வீசிவிட்டுக் கொடியோடு வந்தான். நல்ல நூல் கயிறு. நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு முழம் முழமாக உள்ளே விட்டோம். இசக்கி மூச்சைப் பிடித்து ஹேண்டிலை அழுத்தினான்.

சடக்!

ஆறாவது வால்வு எழுந்தது. கயிற்றை உருவி, ஆயில் விட்டு, மறுபடி சுற்ற, மற்ற ஏழோடு சேர்ந்து அதுவும் ஆடியது. பிளக்கை மாட்டிக் கிளப்பினோம். வெள்ளைப் புகை கொட்டகையை நிறைத்தது. அதற்குள்ளிருந்து, குக்கர் விசில் அடங்கிய பிறகு கேட்பதுபோல் சீரான ஒரு சத்தம். சார் "ஆண்டவரே!" என்றார். நாங்கள் மூன்று பேரும் புகைக்குள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு குதித்தோம். நான் கட்டிக்கொண்டது நடுவில் நின்ற தூணை என்று பிறகு தெரிந்தது.

அத்தோடு நான் விலகியிருக்க வேண்டும். மூடியை மாட்ட இரண்டே நட்டு. "நட்டுன்னா அது என் டிபார்ட்மெண்ட்டு," என்று ஸ்பேனரை வாங்கினேன். முதல் நட்டை இசக்கி ஏற்கெனவே முடித்திருந்தான். இரண்டாவதை முடுக்கினேன். சத்தம் வரவில்லை. இன்னும் முடுக்கினேன். வரவில்லை. ஆயிரக்கணக்கான கதவுகளில் வந்த சத்தம் இங்கே வராமல் எங்கே போகும்? அது சாரின் வீட்டுச் சாதா ஸ்பேனர், அது ஜென்மத்துக்கும் பேசாது என்பது என் புத்தியில் ஏறவில்லை. காலை ஊன்றி, பல்லைக் கடித்து ஓர் இழுப்பு.

டிக்.

"வந்துருச்சு!" என்று நிமிர்ந்தேன். ஸ்பேனரின் வாயில் நட்டு இருந்தது. நட்டுக்குள் பாதி போல்ட்டும் இருந்தது.

சார் அந்த உடைந்த துண்டை வாங்கி, முத்திரை சரியாக விழாத தபாலைப் பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னாபா... எஞ்சினுல வேலன்னு சொன்ன?"

"இல்ல சார்," என்றேன். "கதவு சார். பின்பக்க இடது கதவு. அதுவும் கீல் மட்டும். வீடு கிடைக்கணுமேன்னு பொய் சொல்லிட்டேன்."

"இடது கதவா?" சார் காரின் பின்பக்கம் போனார். அந்தக் கதவில் சுற்றியிருந்த சணல் கயிற்றை அவிழ்த்தார். கதவு ஒருபக்கமாகத் தொங்கி, தரையைத் தொடப் பார்த்தது. "எத்தினி வருசமா இப்டி தொங்கிக்கினு கீது தெரிமா? எவனும் சரியா மாட்டித் தரல. எம் பொண்டாட்டி ஒவ்வொரு வாட்டியும் அந்தாண்ட பக்கமா ஏறி நவுந்து நவுந்து உக்காருவா. அறிவு கெட்டவனே, கதவுன்னு சொல்லியிருந்தா அன்னிக்கே ஒரு மாச அட்வான்சு கம்மி பண்ணியிருப்பேனே!"

நர்ஸம்மா சிரித்த சிரிப்பில் ஸ்டெதாஸ்கோப் கழுத்திலிருந்து நழுவியது.

கதவைச் சரிசெய்ய அரை மணி நேரம் எடுத்துக்கொண்டேன். லைனில் என்றால் சூப்பர்வைசர் கொன்றிருப்பார். மறுநாள் வடக்குப்பட்டிலிருந்து மாலையோடு நர்ஸம்மா இடது பக்கமே ஏறினார். தேவையில்லாமல் இரண்டு முறை கதவைத் திறந்து மூடினார். ஒற்றை நட்டில் நின்ற எஞ்சின் மூடி வழியெல்லாம் ஆயிலைக் கக்க, ஒரகடம் சிக்னலில் மொத்த டிராஃபிக்கும் மூக்கைப் பொத்திக்கொண்டது. பின்னால் ஒரே பைக்கில் நாங்கள் மூவர், கையில் ஆயில் டப்பாவோடு, கல்யாண வீட்டார்போலக் கத்திக்கொண்டே வந்தோம். அறை எங்களுக்கே நிலைத்தது. ஸ்பேனரைத் தொடுவதில்லை என்ற ஒரே நிபந்தனையோடு.

இசக்கி இப்போது ஓசூரில். செல்லத்துரை ஊரில் மாவு மில் வைத்திருக்கிறான். காரைக் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். சாரும் நர்ஸம்மாவும் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். போன வாரம் டயர் கடையிலிருந்து திரும்பும்போது அந்தத் தெருவைத் தேடிப் போனேன். சாலையை அகலப்படுத்தியதில் வீடு போயிருந்தது; கொட்டகையும் மாடியறையும் போயிருந்தன. அந்த அறைக்காக நாங்கள் ஒரு பகல் முழுக்கப் பாடுபட்டோம். அதை இடிக்கப் பொக்லைனுக்கு ஒரு டீ குடிக்கும் நேரம்கூட ஆகியிருக்காது. எதிரே கடை போட்டிருந்தவரிடம், "இங்க நர்ஸம்மா வீடு ஒண்ணு இருந்துச்சே?" என்று கேட்டேன்.

அவர் வந்து ஆறு மாதம்தான் ஆகிறதாம். "வீடா? ரோடுதான் சார் இருக்கு," என்றார்.

நானும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். நல்ல ரோடு. குறை சொல்ல முடியாது.