வெயில் உட்கார்ந்த நாற்காலி

வந்ததும் நாற்காலியைத் தேடமாட்டார். நேராகப் போய், கூடத்தின் நடுவில் இருக்கும் தூணில் முதுகைச் சாய்த்து, வலது காலை மடக்கிப் பின்னால் ஊன்றிக்கொள்வார். ஐந்து நிமிடம் கழித்து இடது கால். நான்கு ஆண்டுகளாக, மாதத்தின் இரண்டாவது ஞாயிறு மாலை நான்கு மணிக்கு அந்தத் தூணுக்கு அவர்தான் துணை. சுண்ணாம்பில் இரண்டு செருப்புத் தடங்கள் தேய்ந்து பதிந்துவிட்டன. தூணக்கா என்று பெயர் வராமல் என்ன செய்யும்?

கூடம் என்பது ஒரு பல் மருத்துவமனையின் காத்திருப்பு அறை. தாங்களே எடுத்த சிறு படங்களைப் போட்டுப் பார்ப்பவர்களின் படச் சங்கத்துக்கு டாக்டர்தான் செயலாளர். கிராம்பு எண்ணெய் வாசனையில், கடைவாய்ப்பல் படத்தை மறைத்து ஒரு வெள்ளைத் திரைச்சீலையைத் தொங்கவிட்டால் அதுதான் வெண்திரை. தூணக்கா கொண்டுவந்த சீலை அது. நடுவில் ஓர் இழை இழுபட்டதால் கடையில் கழித்துப் போட்டது. எந்தப் படம் ஓடினாலும் அந்த இழை குறுக்கே தெரியும். மழைப் படத்தில் இன்னொரு தாரையாகவும், குளத்துப் படத்தில் மெல்லிய அலையாகவும் மாறிவிடும்.

வேலை, துணிக்கடையின் மூன்றாவது மாடியில், திரைச்சீலைப் பிரிவில். பத்து மணி நேரம். ஒரு சீலையை விரித்துப் பிடித்தால் ஜன்னல் வெயில் அதற்குள் வந்து நீலமாகும், அடுத்ததில் மஞ்சளாகும். "நாள் முழுக்க வெளிச்சத்த மடிச்சு மடிச்சு அலமாரியில வைக்கிறேன்" என்பார். அதைத்தான் கைப்பேசியில் படம் எடுக்கிறார்: கண்ணாடிக் குவளைக்குள் சுருளும் வெயில், பேருந்துக் கூரையில் ஓடும் மரநிழல். "ஊரெல்லாம் மனுஷங்கள எடுக்குது, நீ மட்டும் வெயில எடுக்குற. அது என்ன, உன்ன திரும்பிப் பாத்துச் சிரிக்குமா?" என்று தங்கை கிண்டல் செய்வாள். "உன்ன மாதிரி இளிக்காதுல்ல, அதான்" என்பார் இவர்.

அந்த மாடியில் ஒரு நாற்காலி உண்டு. வாங்க வருபவர்களுக்கு மட்டும். கூட்டமே இல்லாத மதியத்திலும் விற்பவர் அதில் உட்காரக் கூடாது. "விக்கிறவங்க உட்கார்ந்தா வியாபாரமும் உட்கார்ந்துடும்" என்பது மேலாளரின் வேதம். "முதலாளி காலையில இருந்து உட்கார்ந்தே இருக்காரே, அப்ப வியாபாரம் படுத்தில்ல கிடக்கணும்?" என்று தூணக்கா கேட்பார், அவர் காதில் விழாத தூரத்தில். கெண்டைக்கால்களில் நீல நரம்புகள் முடிச்சு முடிச்சாகப் புடைத்திருக்கின்றன. உட்கார்ந்தால் கடைக்கு ராசியில்லை என்ற ஒரு சொல்லுக்காக அந்தக் கடையில் வீங்கும் கால்கள் நூற்றிருபது. எந்த அறிவும் இதற்கு விளக்கம் சொல்லாது; லாபம் சொல்லும்.

இதில் ஒரு வேடிக்கை, மேலாளரும் சங்கத்தின் உறுப்பினர். பறவைகளைப் படம் எடுப்பார். சிறகொடிந்த புறாவை எடுத்த படத்தைப் பற்றிப் பேசும்போது தானே அழுதவர். கடையில் "ஏம்மா, நேரா நில்லு." இங்கே "வாங்கம்மா, சௌக்கியமா?"

சங்கத்தில் ஒரு விதி உண்டு. படம் எடுத்தவர் தன் படத்தைப் பார்க்கக் கூடாது. திரைக்கு முதுகு காட்டி, அதன் ஓரத்தில் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து, பார்ப்பவர்களின் முகங்களைப் பார்க்க வேண்டும். முடிந்ததும் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். தன் படத்துக்குத் தானே கைதட்டும் வியாதிக்கு டாக்டர் கண்டுபிடித்த மருந்து. தூணக்கா மட்டும் அந்த நாற்காலியிலும் உட்கார்ந்ததில்லை. "நின்னே பழகிடுச்சு டாக்டர்" என்று அதன் பக்கத்தில் நிற்பார்.

இந்த மாதம் அவர் கொடுத்த படத்தின் பெயர் 'மூன்றாவது மாடி'. பெயரைப் பார்த்ததும் இன்னொரு உறுப்பினரான பேருந்து ஓட்டுநர் தூணருகே வந்து குசுகுசுத்தார்.

"அக்கா, உங்க மேலாளரு மூணாவது வரிசையில உட்கார்ந்திருக்காரு. அந்த மரநிழல் படத்தையே இன்னொரு தடவ போட்டுடுங்களேன். வேலை போயிடும்."

"வேலை போனா இன்னொண்ணு தேடிக்கலாம் தம்பி. கால் போனா?"

ஜன்னல்களை மூடினார்கள். தூணக்கா திரையோரம் போய் ஒரு கணம் நின்றார். பிறகு, என்ன நினைத்தாரோ, நாற்காலியில் உட்கார்ந்தார்.

அவருக்குப் பின்னால் படம் ஓடியது. ஐந்து மாதம், தினமும் சாப்பாட்டு இடைவேளையில், ஒன்று பத்துக்கு, சீலைக் கட்டுகளுக்கு நடுவில் கைப்பேசியைச் சாய்த்து வைத்து எடுத்தது. நாளுக்கு இரண்டு விநாடி. சட்டத்தில் அந்த ஒற்றை நாற்காலி. ஓரத்தில், நிற்கும் இரண்டு பாதங்கள். தரையில் ஒரு துண்டு வெயில். பருவம் சாயச் சாய, வெயில் விரல் விரலாக உள்ளே ஊர்கிறது. நாற்காலியின் காலைத் தொடுகிறது, ஏறுகிறது. பாதங்கள் அசையவில்லை, செருப்பு மட்டும் ஒருநாள் மாறுகிறது. கடைசியில் வெயில் இருக்கையில் ஏறி, முதுகைச் சாய்த்து, சாவகாசமாக உட்கார்ந்துகொள்கிறது.

தூணக்கா இதில் எதையும் பார்க்கவில்லை. முகங்களைத்தான் பார்த்தார். இருட்டுக்குள் முகங்கள் மெல்ல மஞ்சளாகி வந்தன, யாரோ சீலையை விரித்துப் பிடித்ததுபோல. ஓட்டுநரின் வாய் திறந்திருந்தது. மூன்றாவது வரிசையில் ஒரு பார்வை திரையை விட்டுக் கீழே இறங்கி, தூணக்காவின் கால்களில் வந்து நின்றது.

விளக்கு எரிந்தது. யாரும் கைதட்டவில்லை, மறந்துவிட்டார்கள்.

மேலாளர்தான் முதலில் எழுந்தார். தொண்டையைக் கனைத்தார்.

"இந்தப் படம்... இது எங்க எடுத்ததும்மா?"

பதில் சொல்லத் தூணக்கா எழுந்து நிற்பார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் குனிந்து செருப்புகளைக் கழற்றினார். அவற்றை ஜோடியாக நாற்காலிக்கடியில் வைத்தார். பின்னால் நன்றாகச் சாய்ந்து, இரண்டு கால்களையும் முன்னே நீட்டிக்கொண்டு, நின்றுகொண்டிருந்தவரை அண்ணாந்து பார்த்தார்.

"சொல்றேன் சார்."